வேலையில் மாறிக்கொள்ளும் பழக்கத்தைப் பிளஸ் டூவிலேயே சொல்லித் தர முடியுமா?

வாசகர் கேள்வி
17.06.2025, மாலை

மகன் பிளஸ் ஒன் தொழிற்பிரிவில் சேர்ந்திருக்கிறான். பிளஸ் டூவுக்குப் போனால் வேலைவாய்ப்புத் திறன்கள் என்று தனியாக ஒரு பாடம் இருக்கிறதாம். சூழ்நிலைக்கு ஏற்ப மாறிக்கொள்வது எப்படி என்றெல்லாம் சொல்லித் தருவார்களாம். நான் திருப்பூரில் பனியன் தைக்கும் பவர்டேபிளில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்தவன். இன்றைக்கு ஓவர்லாக், பேட்லாக் என்ற இரண்டு தையல் மெஷினும் ஓட்டுகிறேன். எனக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. வயிறு காய்ந்தால் எல்லாம் தானாக வரும். கரும்பலகையில் எழுதிப்போட்டு இதைச் சொல்லித் தர முடியும் என்று யாராவது நம்புகிறீர்களா?

17.06.2025, இரவு

நான் நம்புகிறேன். ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆட்டோமொபைல் தொழிற்பாடம் எடுக்கிறேன். வேலைவாய்ப்புத் திறன்கள் வகுப்பும் என் தலையில்தான். மற்றத் தொழிற்பிரிவுப் பிள்ளைகளும் அதற்கு வந்து உட்காருவார்கள்.

கரும்பலகையால் முடியாது, அது சரி. "தானாக வரும்" என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. உங்களோடு கைமடியாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் இன்றைக்கு ஓவர்லாக் ஓட்டுகிறார்களா? இன்னும் கைமடியாகவே இருப்பவர்களுக்கும், ஊருக்கே திரும்பிப் போனவர்களுக்கும் வயிறு காய்ந்துதான் இருந்தது. வந்தவர்களை எண்ணுகிறோம், வராமல் போனவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

எங்கள் தொழிலில் நடந்ததைச் சொல்கிறேன். வண்டிப் புகைக்கான பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரல் 1 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. பிஎஸ்-5 என்ற படியே கிடையாது, நாலிலிருந்து நேராக ஆறு. அந்தத் தேதிக்குப் பிறகு பிஎஸ்-4 வண்டி விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டது. ஆக, எதிர்பாராமல் வந்த மாற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. சின்ன பைக்குகளில்கூடப் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய் எஃப்.ஐ., அதாவது பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது.

எங்கள் ஊர்ச் சாலையில் அப்போது இரண்டு டூவீலர் மெக்கானிக்குகள். இருவரும் கைராசிக்காரர்கள். முதலாமவருக்கு, ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்தால் வண்டி எப்படிப் பேசும் என்பது காதிலேயே இருக்கும். எஃப்.ஐ. வண்டி வந்ததும், "இதுல திருக ஸ்க்ரூவே இல்லைங்க, ஷோரூமுக்கே கொண்டு போயிடுங்க" என்று அனுப்ப ஆரம்பித்தார். இரண்டாமவர் கொஞ்ச நாள் திணறினார், அப்புறம் பிடித்துக்கொண்டார். இத்தனைக்கும் முதலாமவருக்குத்தான் கடன் அதிகம், வீட்டில் சாப்பிடும் வாய்களும் அதிகம். வயிறு காய்வதுதான் குரு என்றால் அவர்தான் முதலில் மாறியிருக்க வேண்டும்.

18.06.2025

அந்த இரண்டாமவர் எப்படிப் பிடித்தார் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள்.

நான் அவர் கடையில் நின்றிருந்தபோதே நடந்தது. ஒரு எஃப்.ஐ. வண்டி. மைலேஜ் இல்லை, சைலன்சரில் கருப்பாகப் புகை. அவரிடம் அப்போது ஸ்கேனர் கிடையாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். முனை முழுக்க ஈரமில்லாத கரி, விரலால் தொட்டால் மை போல ஒட்டியது. பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். கார்புரேட்டர் காலத்திலும் அதே அர்த்தம்தான். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். அந்தக் கணக்கை எந்த பிஎஸ் விதியும் மாற்றவில்லை. முன்னே அந்தக் கணக்கைக் கார்புரேட்டரின் ஜெட்டும் ஸ்க்ரூவும் பார்த்துக்கொண்டன, இப்போது ஈசியூ என்ற வண்டியின் குட்டிக் கம்ப்யூட்டர் பார்க்கிறது.

பிளக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதுக்குப் புத்தி கெட்டுப்போகலைங்க. எவனோ அதுகிட்டப் பொய் சொல்றான்" என்றார். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் கூடுதலாக வேண்டும். அதற்குத்தான் பழைய வண்டியில் சோக். சூடு பார்க்கும் சென்சார் கெட்டுப்போய், எஞ்சின் எந்நேரமும் குளிர்ந்தே இருப்பதாகச் சொன்னால், ஈசியூ எந்நேரமும் சோக் போட்டது மாதிரிதான் பெட்ரோல் விடும். சென்சாரை மாற்றினார், புகை நின்றது.

மாறுவதற்கு அவருக்கு உதவியது தைரியமோ, மனப்பக்குவமோ மட்டும் என்று நான் நினைக்கவில்லை. சோக் எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இளவயதில் கோபிச்செட்டிபாளையத்தில் வேலை பழகிய இடத்தில், எதைக் கழற்றினாலும் அது எதற்கு இருக்கிறது என்று சொல்லாமல் திருப்பிப் பூட்ட விடமாட்டார்களாம். யாரோ சொல்லிக் கொடுத்ததுதானே அதுவும்.

22.06.2025

"கதை சரி, வகுப்பில் என்ன செய்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி. நான் அதிகம் நம்பும் பயிற்சி ஒன்றுதான், அதை விரிவாகவே சொல்கிறேன்.

ஒர்க்‌ஷாப்பில் நான்கைந்து பழைய வண்டிகள் இருக்கின்றன. இரண்டிரண்டு பேராகப் பிரித்து வேலை கொடுப்பேன். ஒரு ஜோடிக்குப் பின் பிரேக் ஷூ, இன்னொரு ஜோடிக்குக் கார்புரேட்டர் கிளீனிங், அடுத்ததற்குச் செயின் ஸ்ப்ராக்கெட், இப்படி. வேலை பாதியில் இருக்கும்போது விசில் அடிப்பேன். கையில் இருப்பதை வைத்துவிட்டு, ஒவ்வொரு ஜோடியும் பக்கத்து வண்டிக்குப் போக வேண்டும். போவதற்கு முன் ஒரு சீட்டு எழுத வேண்டும்: என்ன செய்தோம், என்ன பாக்கி, எதில் சந்தேகம். வருகிறவர்கள் அந்தச் சீட்டை வைத்துத்தான் வேலையைத் தொடர வேண்டும். வாயால் கேட்கக் கூடாது.

ஆரம்பத்தில் ரகளையாக இருக்கும். "சார், இவனுங்க கழட்டுன போல்ட் எது, பூட்ட வேண்டிய போல்ட் எதுன்னே தெரியல" என்று சண்டை. ஒரு சீட்டு இன்னமும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது: "பின் பிரேக் ஷூ மாத்தியாச்சு. ஒரு ஸ்பிரிங் எங்கன்னு தெரியல. நாங்க முழுங்கல." வகுப்பே சிரித்துத் தீர்த்தது. ஸ்பிரிங் பையனின் சட்டைப் பையில் இருந்தது.

ஆனால் சில வாரங்களில் நடப்பதைப் பாருங்கள். பையன்கள் செய்தித்தாளை விரித்து, கழற்றிய வரிசையிலேயே பாகங்களை அடுக்க ஆரம்பிக்கிறார்கள். யாரோ சத்துணவுக் கூடத்திலிருந்து முட்டை அட்டையை வாங்கி வந்து, ஒவ்வொரு குழிக்கும் ஒரு ஸ்க்ரூ என்று போடுகிறார்கள். இதை நான் சொல்லித் தரவே இல்லை. எப்போது வேண்டுமானாலும் இந்த வேலையை இன்னொருவன் எடுப்பான் என்று தெரிந்ததும் அவர்கள் வேலை செய்யும் விதமே மாறிவிடுகிறது. அடுத்தவன் பாதியில் விட்டதைப் பார்த்து முகம் சுளிப்பதும் குறைகிறது. இதில் நான் கண்டது, மாற்றத்துக்குத் தயாராக இருப்பது பெரும்பாலும் கைப்பழக்கம். சுபாவத்தோடு பிறந்துதான் வர வேண்டும் என்பதில்லை.

பிரேக் சம்பந்தப்பட்ட வண்டி எதையும் நான் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் நகர்த்த விடுவதில்லை. இந்தப் பயிற்சியை யாராவது எடுத்துச் செய்வதானால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

23.06.2025

"கிடைத்ததை வைத்து வேலையை முடிப்பவன்தான் கெட்டிக்காரன், அதைச் சொல்லிக் கொடுங்கள்" என்று ஒருவர். இல்லை. பன்னிரண்டாம் நம்பர் நட்டைத் திருகக் கட்டிங் பிளேயரை எடுக்கிறவனை நான் கெட்டிக்காரன் என்று சொல்ல மாட்டேன். நட்டின் முனை மழுங்கிவிடும், அடுத்து வருகிறவன் உளி வைத்துத்தான் அதை எடுக்க வேண்டியிருக்கும். பக்கத்துக் கடையில் ஸ்பேனர் கேட்டு வாங்கி வருகிறவன், ஸ்பேனர் வரும்வரை வேறு வேலையைப் பார்க்கிறவன், அவனைத்தான் சொல்கிறேன். அவசரத்துக்குச் செய்த ஒட்டுவேலையைத் திறமை என்று பாராட்டிப் பாராட்டியே நம் ஊரில் எத்தனை நட்டுகள் மழுங்கிப் போயிருக்கின்றன.

05.07.2025

விசில் விஷயத்தில் இன்னும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு சக ஆசிரியை இந்தப் பயிற்சியை அவருடைய அலுவலக மேலாண்மைப் பிரிவில் செய்து பார்த்திருக்கிறார். ஒரு மாணவி விசில் அடித்ததும் அப்படியே உறைந்துபோய், அன்று முழுக்க எதையும் தொடவில்லையாம்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதில்லை. வீட்டில் தினம் எது நடக்கும் என்றே தெரியாமல் வளர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பா குடித்துவிட்டு வருவாரா, இன்று வீட்டில் அடுப்பு எரியுமா என்பதே தெரியாதவர்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடம்தான் நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருக்கிற ஒரே இடம். அங்கேயும் போய்த் திடீர் திடீரென்று விசில் அடித்தால், மாறக் கற்றுக்கொள்ள மாட்டார்கள், பதுங்கத்தான் கற்றுக்கொள்வார்கள்.

அதனால் நாங்கள் வைத்திருக்கும் வழக்கம் இது. விசில் வரும் என்பதை முந்தின நாளே சொல்லிவிடுவது, எப்போது என்பதை மட்டும் சொல்லாமல் வைப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது: இடம், இல்லை கூட்டாளி, இல்லை வேலை. மூன்றையும் சேர்த்து மாற்றுவது அரையாண்டுத் தேர்வு முடிவதற்கு முன் கிடையாது. அப்புறம், மாறவே மாறாத ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் விடுவது. என் வகுப்பில் அது அவரவர் நோட்டு. எந்த வண்டிக்குப் போனாலும் நோட்டு கூடவே போகும், அதை யாரும் வாங்கிப் படிக்கக் கூடாது.

பெரியவர்களும் இப்படித்தானே. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்த முதல் வாரம் எந்த ஆசிரியர் நிம்மதியாகப் பாடம் நடத்தியிருக்கிறார்? புது ஊர், புது தலைமையாசிரியர், புதுப் பேருந்து, எல்லாம் ஒரே திங்கட்கிழமையில்.

19.07.2025

ஆட்டோமொபைல் மட்டுமே பேசுகிறேன் என்று ஒரு புகார். சரி, டைப்ரைட்டிங்.

அலுவலக மேலாண்மை படித்த ஒரு மாணவி, சாயங்காலம் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் (இளநிலைத் தேர்வு) முடித்தாள், நல்ல மதிப்பெண். டைப்ரைட்டரின் நடு வரிசை விசைகளில் "யளனக" என்று விரல் தூக்கத்திலும் ஓடும். வேலைக்குப் போன ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் இருந்தது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கை, மெய்கள் வலக்கை. அவள் விரலுக்குத் தெரிந்த இடத்தில் அநேகமாக எந்த எழுத்தும் இல்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "எல்லாமே வீணாப்போச்சுங்க சார்" என்று அழுதாள்.

நான் தட்டச்சு ஆசிரியர் இல்லை. எது வீணாகப் போனது, எது போகவில்லை என்று மட்டும் எழுதிப் பார்க்கச் சொன்னேன். எழுத்துகளின் இடம் போய்விட்டது. விசையைப் பார்க்காமல் அடிப்பது போகவில்லை. பத்து விரலையும் பயன்படுத்துவது, மார்ஜின் விடுவது, மனுவுக்கும் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம், ஒற்று எங்கே மிகும் எங்கே மிகாது என்பது, எதுவும் போகவில்லை. பட்டியலில் போகாதவைதான் அதிகம். அதோடு தமிழ்99இல் ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும், "அம்மா" என்று அடிக்கப் புள்ளியைத் தேட வேண்டாம். அதைக் கண்டுபிடித்த அன்று போன் செய்து சொன்னாள்.

இப்போது ஒவ்வொரு பாடம் முடிந்ததும் இந்தப் பட்டியலை எல்லாப் பிரிவுப் பிள்ளைகளையும் எழுத வைக்கிறேன். "நாளைக்கு இந்த மெஷின் போய் வேறு மெஷின் வந்தால், இன்று கற்றதில் எது செல்லாது, எது செல்லும்?" ஆரம்பத்தில் எல்லாரும் "எதுவும் செல்லாது" என்றுதான் எழுதுகிறார்கள். வேலை மாறும்போது வரும் பயத்தில் பாதி அந்த வரிதான்.

20.07.2025

ஆதாரம் கேட்டவருக்கு. இதெல்லாம் நான் கண்டுபிடித்ததில்லை. கெர், பூத் என்ற இருவர் 1978இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. சிறுவர்கள் சின்னப் பையைக் குறிபார்த்து எறிய வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகளில் ஒரு குழு மூன்று அடி தூரத்திலிருந்தே எறிந்து பழகியது. இன்னொரு குழு இரண்டடியும் நாலடியுமாக மாறி மாறி எறிந்தது, மூன்றடியைத் தொடவே இல்லை. கடைசியில் இரு குழுவையும் மூன்றடியில் நிற்க வைத்தபோது, மாறி மாறிப் பழகியவர்கள்தான் நன்றாக எறிந்தார்கள். எறிவதும் வேலை பார்ப்பதும் ஒன்றல்ல, தெரியும். ஆனாலும் ஒரே வண்டியை வருடம் முழுக்கக் கழற்றிப் பூட்ட வைத்துவிட்டு, "நல்லாப் பழகிட்டான்" என்று சொல்வதற்கு முன் யோசிக்க வைக்கிற செய்தி.

ஜப்பானியக் கல்வி உளவியலாளர்கள் ஹதானோவும் இனாககியும் 1986இல் இரண்டு விதத் தேர்ச்சியைப் பிரித்துக் காட்டினார்கள். பழகிய வேலையை வேகமாக, பிசகாமல் செய்கிற தேர்ச்சி ஒன்று. ஏன் இப்படிச் செய்கிறோம் என்று புரிந்ததால் நிலைமை மாறினாலும் வழி கண்டுபிடிக்கிற தேர்ச்சி இன்னொன்று. எங்கள் சாலையில் இருந்த இரண்டு மெக்கானிக்குகள்தான். முதல் வகை இல்லாமல் கடை ஓடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஸ் பிடிக்க நிற்கிறவரின் பஞ்சரை ஒட்ட அதுதான் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தால் அவர் பஸ்ஸை விட்டுவிடுவார்.

10.08.2025

இன்று எழுத நினைத்தது வேறு. வெள்ளிக்கிழமை நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை.

பிளஸ் டூ பையன் ஒருவன் உள்ளுறைப் பயிற்சிக்கு ஓர் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறான். கிரைண்டரில் வேலை. பாதுகாப்புக் கண்ணாடி கேட்டிருக்கிறான். "அதெல்லாம் இல்ல, கண்ணைச் சுருக்கி வெச்சுக்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கத் தெரியாதா?" என்றிருக்கிறார்கள். அவன் அப்படியே செய்துவிட்டு, கண் சிவந்து வந்து என்னிடம் கேட்டது: "சார், இதுவும் மாறிக்கிறதுல சேருங்களா?"

சேராது கண்ணு. எந்தக் காலத்திலும் சேராது.

அந்த இடத்துக்கு இனி எங்கள் பிள்ளைகள் போக மாட்டார்கள், அதைத் தலைமையாசிரியர் அன்றே பேசி முடித்துவிட்டார். ஆனால் பிரச்சினை அந்த ஒரு கடையோடு முடியவில்லை. வேலை கொடுப்பவர் மாற வேண்டிய இடத்தில் எல்லாம் பையனை மாறச் சொல்வது நம் ஊரில் சர்வசாதாரணம். இதைக் கற்றுக்கொடுக்காமல் மாறிக்கொள்ளும் திறனை மட்டும் கற்றுக்கொடுத்தால், நாங்கள் செய்வது கல்வியே இல்லை. அடிமைக்குப் பயிற்சி.

சனிக்கிழமை சிறப்பு வகுப்பில் பலகையை இரண்டாகப் பிரித்து, பிள்ளைகளையே எழுத விட்டேன். மாறலாம் என்ற பக்கம்: மெஷின், கூட்டாளி, வேலையின் வரிசை, சாப்பாட்டு நேரம், செய்யும் முறை, யூனிஃபார்ம். மாறக் கூடாது என்ற பக்கம்: கண்ணாடி, கையுறை, பேசிய கூலி, வீட்டைச் சொல்லித் திட்டுவது, மேலே கை வைப்பது. சட்டத்தையும் சேர்த்துக்கொண்டோம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது, 14 முதல் 18 வரை ஆபத்தான வேலை கூடாது. வளரிளம் பருவத்தினரை இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது, ஓவர்டைமும் கூடாது. இதைச் சொன்னபோது பின்வரிசையில் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்தக் கடையில் எத்தனை மணி வரை நிற்கிறார்கள் என்று வகுப்பில் வைத்துக் கேட்கவில்லை, தனியாகக் கேட்க வேண்டும்.

கடையைக் கூட்டுவது எந்தப் பக்கம்? இதில்தான் பெரிய விவாதம். "வேலை கத்துக்கப் போறவன் கூட்டத்தான் வேணும்" என்று ஒரு கட்சி, "கூட்டவா பிளஸ் டூ படிச்சோம்" என்று இன்னொரு கட்சி. கடைசியில் ஒரு பெண் எழுந்து சொன்னாள்: "பெரிய மெக்கானிக்கும் ஒரு நாள் கூட்டுனா நாமளும் கூட்டலாம். எங்க தெருப் பையனை மட்டும் தினமும் கூட்டச் சொன்னா அது வேற." வகுப்பு அடங்கிவிட்டது. எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். அந்த வரியை அப்படியே பலகையில் எழுதி வைத்தோம்.

11.08.2025

பட்டறை வைத்திருக்கும் ஒரு நண்பர் கோபமாக எழுதியிருக்கிறார்: "இப்படிச் சட்டம் பேசச் சொல்லிக் கொடுத்தால் உங்கள் பிள்ளைகளை எவனும் வேலைக்கு வைக்க மாட்டான்."

ஐயா, பையன்கள் ரெண்டு வாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள் என்று போன மாதம் வேறொரு இடத்தில் எழுதியவரும் நீங்கள்தான். வாய் திறந்து கேட்கத் தெரியாதவன்தான் சொல்லாமல் நிற்கிறான். கேட்கத் தெரிந்தவன் கேட்டுவிட்டு இருப்பான்.

மறுப்பதையும் பழக்குகிறோம். வெறுமனே "முடியாது" என்று நிற்கக் கூடாது, எப்படி முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "அண்ணா, கண்ணாடி எடுத்துட்டு வந்து பண்றனுங்க. அதுவரைக்கும் அந்த செயினைக் கழுவி வெச்சிடறேன்." இதை மாற்றி மாற்றித் தொழிலாளியாகவும் முதலாளியாகவும் நின்று பேச வைக்கிறேன். முதலாளி வேடத்துக்கு எப்போதும் போட்டிதான், எல்லாருக்கும் கத்திப் பார்க்க ஆசை. இந்தப் பேச்சைக் கேட்டு வேலையை விட்டு அனுப்புகிற கடை எங்கள் பிள்ளைக்குத் தேவையில்லை என்பதை மனசார எழுதுகிறேன்.

24.09.2025

காலாண்டுத் தேர்வுக்கு நடுவே ஒரு சின்னச் செய்தி. ஜிஎஸ்டி கவுன்சில் செப்டம்பர் 3இல் முடிவெடுத்து, திங்கட்கிழமை 22ஆம் தேதியிலிருந்து புது விகிதம். சோப்பு, பேஸ்ட், கூந்தல் எண்ணெய், ஷாம்பு எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5. 350 சிசி வரை பைக்குகள் 28லிருந்து 18.

பழைய மாணவி ஒருத்தி மளிகைக் கடை பில்லிங்கில் இருக்கிறாள். திங்கள் காலை கம்ப்யூட்டரில் சில பொருளுக்குப் புது விலை ஏறியிருந்தது, சிலதுக்கு ஏறவில்லை. பாக்கெட்டில் பழைய எம்.ஆர்.பி. வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலை நீட்டிக்கொண்டு வரிசையில் ஆட்கள். அவள் ஒரு தாளை இரண்டாக மடித்து, உறுதியாகத் தெரிந்த பொருள் ஒரு பக்கம், ஆடிட்டரிடம் கேட்க வேண்டியது மறுபக்கம் என்று எழுதி வைத்துக்கொண்டாளாம். தெரிந்ததற்குப் பில், தெரியாததற்கு "ஒரு பத்து நிமிஷம் உட்காருங்கம்மா, கேட்டுச் சொல்றேன்." மத்தியானத்துக்குள் கேட்க வேண்டிய பக்கம் காலி.

இது என் வகுப்பில் வந்தது என்று எழுத ஆசைதான். கேட்டதற்கு அவள் சொன்னது வேறு. அவள் அம்மா வீட்டு வாசலில் இட்லிக் கடை போடுகிறவர். கடன் சொல்லிப் போகிறவர்களுக்கு அவர் நாட்காட்டித் தாளை இப்படித்தான் மடித்து எழுதுவாராம். நிச்சயமாகத் தருவார்கள் ஒரு பக்கம், கேட்டால்தான் தருவார்கள் மறுபக்கம்.

அந்த வகையில் கேள்வி கேட்ட திருப்பூர் அண்ணனுக்கு ஒரு பங்கு நியாயம் உண்டு. வீடும் தெருவும் நிறையவே சொல்லித் தருகின்றன. ஆனால் அம்மாவின் இட்லிக் கடைத் தாள் பில்லிங் கவுன்ட்டருக்கும் பொருந்தும் என்று பார்க்கத் தெரிய வேண்டுமே. பிள்ளைகள் வீட்டில் கற்றதை வேலைக்கு எடுத்துவரத் தயங்குகிறார்கள், படிப்பில்லாத விஷயம் என்று கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தை எடுப்பது பள்ளிக்கூடத்தின் வேலைதான்.

12.10.2025

"எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்தால் உங்கள் பாடமே முடிந்ததே" என்று கேட்டிருக்கிறார்கள். ஓசூரிலும் கிருஷ்ணகிரிப் பக்கமும் அதற்கான தொழிற்சாலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, பிள்ளைகளுக்கும் தெரியும். பிளக் இல்லை, ஆயில் இல்லை, கிளட்ச் இல்லை. பிரேக், டயர், வீல் பேரிங், சஸ்பென்ஷன், ஒயரிங் எல்லாம் இருக்கின்றன. டைப்ரைட்டிங் பெண் எழுதிய அதே பட்டியலைத்தான் எழுத வைத்தேன். இந்த முறை "எதுவும் செல்லாது" என்று யாரும் எழுதவில்லை. உயர் மின்னழுத்த பேட்டரியைப் பயிற்சி இல்லாமல் திறக்கவே கூடாது என்பதை மட்டும் நான் சிவப்பு மையில் சேர்த்தேன்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்ற கேள்விக்கு: இந்தத் திறனுக்குத் தனியாக மதிப்பெண் போடுவதில்லை. போட ஆரம்பித்தால் பிள்ளைகள் மாறிக்கொள்வது மாதிரி நடிக்கக் கற்றுக்கொள்வார்கள். விசில் பயிற்சியில் அவர்கள் எழுதும் சீட்டை மட்டும் பார்க்கிறேன். ஜூனில் "பிரேக் பாக்கி" என்று ஒரே வரி எழுதியவன், இப்போது "இடது பக்க ஷூ போட்டாச்சு, கேம் கிரீஸ் வைக்கல, வலது ஸ்பிரிங் தளர்ந்த மாதிரி இருக்கு, பாத்துக்கோ" என்று எழுதுகிறான். அது போதும் எனக்கு.

கடைசியாக ஓர் உதவி. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இருப்பதெல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். எஃப்.ஐ. பாடம் படத்தை வைத்துத்தான் நடக்கிறது. கழித்துப்போட்ட த்ராட்டில் பாடி, ஓடாத இன்ஜெக்டர், கெட்டுப்போன சென்சார், டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப், எது இருந்தாலும் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் இங்கே எழுதுங்கள். வேலை செய்ய வேண்டும் என்றில்லை, கழற்றிப் பார்க்க முடிந்தால் போதும். ஈரோடு, கோபி, பவானி என்றால் பிள்ளைகளோடு நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். தள்ளி இருப்பவர்கள் கூரியரில் அனுப்பலாம், செலவைப் பள்ளி ஏற்கும்.